ஆயில் பிரஷர் திடீரென விழுந்தால்: பழைய கார்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பட்டறையில், பழைய அம்பாசடர் ஒன்றை ஆசையாக வாங்கிச் சீர்செய்துவரும் இளைஞர் ஒருவர், ஆயில் பிரஷரைக் கூட்டுவதாக நினைத்து, மிகையான ஆயில் அழுத்தத்தைத் தணிக்கும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் ஒன்றைச் செருகிக்கொண்டிருந்தார். பல ஆண்டுகளுக்கு முன் அதே வேலையை அதே நம்பிக்கையோடு செய்து ஒரு கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பறிகொடுத்தவன் நான். ஆயில் அளவைப் பார்ப்பது போன்ற, எல்லோரும் அறிந்தவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

ஆயில் பிரஷர் கேஜைச் சந்தேகித்துக்கொண்டே ஓட்டுவது

சந்தேகம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் எஞ்சினை நிறுத்தி, வேறொரு மெக்கானிக்கல் கேஜைப் பொருத்திய பிறகே மீண்டும் கிளப்ப வேண்டும்.

ஸ்பிரிங்குக்கு வாஷர் வைப்பது

என்னுடையது 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். சூடேறிய நிலையில் ஓட்டத்தில் ஏறக்குறைய 50 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) காட்டும் கேஜ் முள், ஏற்காட்டு மலைப்பாதையின் ஏழாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் 20க்கு இறங்கியது. அரை மணி நேரம் நிறுத்திவைத்துக் கிளப்பினால் பழையபடி 50. வீட்டுக்குத் திரும்பி வாஷரை வைத்தேன். மறுநாள் காலை முள் முன்னைவிட மேலே நின்றதைக் கண்டு பூரித்துப்போனேன்.

ரிலீஃப் வால்வு அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. அழுத்தம் மிகும்போது ஆயிலைச் சம்புக்கு, அதாவது எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு, திருப்பிவிடும் கதவு அது. காலையில் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருந்ததால் கதவு திறக்க வேண்டியிருந்தது, வாஷர் அதைத் தாமதப்படுத்தியது, முள் ஏறியது. அழுத்தம் விழுந்த நேரத்திலோ, வால்விலேயே கோளாறு இல்லையென்றால், அந்தக் கதவு ஏற்கெனவே மூடித்தான் இருக்கும். மூடிய கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டு என்ன பயன்? இது புரியாமல் மீண்டும் மலையேறினேன். பதினான்காவது வளைவில் எஞ்சினுக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

சம்பைக் கழற்றியபோது, முந்தைய வேலையில் நானே தாராளமாகப் பூசிய கேஸ்கட் பேஸ்ட் காய்ந்து, துண்டு துண்டாக, ஆயில் பம்ப் உறிஞ்சும் வாயிலுள்ள ஸ்ட்ரெய்னர் வலையில் அப்பியிருந்தது. தாழ்ந்த கியரில் நெடுநேரம் இழுக்கையில் பம்பின் உறிஞ்சலில் அவை வலையை அடைத்தன. எஞ்சின் நின்றதும் உதிர்ந்தன. அரை மணியில் திரும்பி வந்த அந்த 50 பவுண்டே நோயைச் சொல்லிவிட்டது. கேட்கத்தான் எனக்குப் பொறுமை இல்லை. கிராங்கைக் கிரைண்டிங் செய்து, தேய்த்துச் சிறிதான தண்டுக்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டியதாயிற்று.

கெட்டி ஆயில் ஊற்றுவது

வாஷருக்குத் தம்பி: முள்ளை ஏற்றிக் காட்டும், நோயைத் தீர்க்காது.

டிப்ஸ்டிக்கை முகராமல் விடுவது

பத்மினி போல மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் உள்ள வண்டிகளில் அதனுள்ளிருக்கும் டயாஃபிரம் என்ற சவ்வு கிழிந்தால், பெட்ரோல் சம்பில் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும். அளவு குறையாமல், சில நேரம் கூடியும் காட்டுவதால் மனம் சமாதானமாகிவிடுகிறது. மூக்கை நம்புங்கள்.

ஃபில்டர் மாற்றிய மறுநாள் வேறெங்கோ தேடுவது

ஃபில்டர் பொருந்தும் பள்ளத்தில் ஒட்டியிருந்த பழைய ரப்பர் வளையத்தின் மேலேயே புதியதையும் வைத்திருப்பீர்கள்; ஆயில் அங்கேதான் கசியும்.

அந்த இளைஞரிடம் வாஷரை எடுக்கச் சொல்லி, வால்வைத் திறந்து மூடும் பிளஞ்சரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அவர் வண்டியில் கோளாறு வால்வில்தான்: நகக்கண் அளவு உலோகத் துகள் ஒன்று வால்வு வந்து அமரும் இடத்தில் சிக்கி, அதை மூடவிடாமல் செய்திருந்தது. துடைத்துவிட்டால் போதும் என்றார். துகள் காந்தத்தில் ஒட்டவில்லை. பேரிங்கிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்பதால், சம்பைக் கழற்றிப் பார்க்கும்வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம் என்று சொல்லி வந்திருக்கிறேன்.