‘நன்றி’ என்ற சொல் இல்லாமல் ஒரு நன்றித் துண்டு

“அம்மா, எல்லாவற்றுக்கும் மிக்க நன்றி” என்று எழுதி அம்மாவின் கையில் கொடுத்துப் பாருங்கள். வாசிப்பார், உங்கள் முகத்தைப் பார்ப்பார், பிறகு “என்ன, காசு ஏதும் தேவையோ?” என்று கேட்பார். பிழை அவரில் இல்லை. நன்றி என்பது நமக்கு மேடைச் சொல். கூட்டம் முடிய நன்றியுரை, கந்தோரில் அலுவல் முடிய ஒரு நன்றி, பஸ்ஸில் இடம் தந்தவருக்கு ஒரு நன்றி. அதையே பெற்றவளிடம் நீட்டினால் கணக்குத் தீர்த்து அனுப்புவதுபோல் இருக்கும்.

அதனால் வீட்டுக்குள் போகும் துண்டில் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். அவர் செய்த ஒரேயொரு வேலையை, நீங்கள் கண்டபடி எழுதுங்கள். இப்படி:

“அம்மா, திங்கட்கிழமை விடிய நாலரைக்கு எழும்பிப் பிட்டு அவிச்சுத் தந்தீங்கள். ஹபரணையில பஸ் நிக்கேக்க திறந்தன், இன்னும் சூடு இருந்தது. சம்பலை வேறயா வைச்சதால பிட்டு ஊறவும் இல்லை. – சின்னவள்”

இதில் மூன்று வசனந்தான். முதலாவதில் நாளும் வேலையும். இரண்டாவதில் அது உங்களிடம் வந்து சேர்ந்த இடம். மூன்றாவதில் அவர் சொல்லாமல் செய்த, நீங்கள் கவனிப்பீர்கள் என்று அவரே நினைக்காத ஒன்று. மூன்றாவது வசனம்தான் முழுத் துண்டையும் தாங்குகிறது. சம்பலைத் தனியாக வைக்கும்போது அவர் யாருக்கும் அதைச் சொல்லவில்லை. உங்கள் துண்டில் அதைக் காணும்போது “பிள்ளை பார்த்திருக்கிறாள்” என்று தெரியும். அந்த வசனத்துக்கு ஒன்றும் அகப்படவில்லையென்றால் எழுதுவதை ஒரு நாள் தள்ளிப்போட்டு, அந்த நாள் முழுக்க அவர் செய்வதைக் கவனியுங்கள். எழுதுவதைவிட இந்த வேலைக்குத்தான் நேரம் பிடிக்கும்.

கெட்டுப்போகும் துண்டுகள் பெரும்பாலும் வாலில் கெடும். “அடுத்த கிழமையும் பிட்டுத்தான் வேணும்” என்று ஒரு வரி சேர்ந்தால் முழுத் துண்டும் விண்ணப்பமாகிவிடும். “ஆனால்” என்று தொடங்கும் வசனமும் அப்படியே: “சம்பல் நல்லா இருந்தது, ஆனால் உப்புக் கொஞ்சம்…” என்று போனால் அவர் மனதில் நிற்பது உப்பு மட்டும். மன்னிப்பும் வேண்டாம். போன மாதச் சண்டைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் நேரில் கேளுங்கள், அல்லது அதற்கென்று வேறு கடிதம் எழுதுங்கள். ஏதாவது கேட்கப் போவதற்கு முதல் இரண்டு மூன்று நாளில் துண்டு கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். அடுத்த துண்டையும் அந்தக் கண்ணோடுதான் வாசிப்பார்கள்.

இன்னொரு பொறி, அழகாக எழுத வேண்டும் என்ற ஆசை. “அன்பின் உருவே, பாசத்தின் பெட்டகமே, எங்கள் குலவிளக்கே” என்று தொடங்கினால் அப்பா எங்கே வாசித்த நினைவு வரும் தெரியுமா? செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில். நம் ஊரில் அந்த நடை செத்தவர்களுக்கென்றே பதிந்துபோய்விட்டது, உயிரோடிருப்பவருக்கு அதைக் கொடுக்காதீர்கள். துண்டைச் சுற்றிக் கறுப்புக் கோடு போட்டு அலங்கரிப்பதும் அதே காரணத்தால் ஆகாது. மூத்தவர்கள் கறுப்புக் கரை கண்டால் வாசிக்க முதலே நெஞ்சில் கை வைப்பார்கள். அலங்காரம் வேண்டுமென்றால் ஒரு மூலையில் சின்னப் பூ போதும்.

தொடக்கத்துக்கு நீங்கள் கூப்பிடும் முறையே போதும்: “அம்மா”, “மாமி”, “பெரியண்ணா”. கொஞ்சம் மரியாதை கூட வேண்டிய இடத்தில், தூரத்துப் பெரியப்பாவுக்கென்றால் “அன்பின் பெரியப்பாவுக்கு” என்று போடலாம். “நான் நலம், உங்கள் நலமறிய ஆவல்” என்பது பள்ளிக்கூடக் கடிதத்தோடு முடியட்டும். “இப்படிக்கு” என்று முடித்தால் கிராம சேவகருக்குக் கொடுக்கும் கடிதம்போல் ஆகிவிடும். வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டு நிறுத்துங்கள். வசனமும் நீங்கள் பேசுகிற மாதிரியே இருக்கட்டும். வாயால் “வந்தீங்கள்” என்று சொல்பவர் “வருகை தந்தீர்கள்” என்று எழுதினால் யாரோ எழுதிக் கொடுத்ததுபோல் தெரியும். எழுதி முடித்ததும் ஒருமுறை உரக்க வாசித்துப் பாருங்கள். நாக்குத் தடக்கிற இடத்தை மாற்றுங்கள்.

கூட்டாளிக்கு எழுதும்போது இன்னும் குறைக்கலாம். நேரே பாராட்டினால் இருவருக்கும் கூச்சம். “மச்சான், பைக்கைத் தந்ததே காணும், டாங்கை நிரப்பியுமெல்லோ தந்திருக்கிறாய். சிலாபம் வரைக்கும் போவன் எண்டு நினைச்சியோ?” என்பது போதும். நக்கலுக்குள் டாங்க் நிரம்பியிருந்த விஷயம் வந்துவிட்டது. அவன் அதைத்தான் எடுத்துக்கொள்வான்.

கடதாசியும் பேனையும்

ஒரு ஏ4 தாளை மூன்று முறை பாதியாக மடித்து மடிப்புகளில் வெட்டினால் எட்டுத் துண்டு வரும். ஒவ்வொன்றும் 7.4 × 10.5 சென்ரிமீற்றர். கிடையாக வைத்து ஓரம் விட்டு எழுதினால் ஏழெட்டு வரி, அதாவது 25 தொடக்கம் 30 சொல். அதற்கு மேல் இடம் இல்லாதது நல்லதுதான். இடம் இருந்தால் புத்திமதி எழுதத் தோன்றும்.

போட்டோக்கொப்பித் தாள் பெரும்பாலும் 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீற்றருக்கு 80 கிராம், மெல்லியது. எழுத்து மறுபக்கம் தெரியும், கையில் சுருளும். கொஞ்சம் விறைப்பாக வேண்டுமென்றால் பழைய கலியாணக் கார்டுகளின் வெறும் பக்கத்தை வெட்டலாம். காசும் இல்லை, கடதாசியும் தரம். ஆனால் பிள்ளையார் படத்தின் மேலாகக் கத்தரிக்கோல் போகாமல் பாருங்கள். நீங்கள் பொருட்படுத்தாவிட்டாலும் வாங்குகிற அம்மம்மா பொருட்படுத்துவார்.

பேனை என்றால் சாதாரண போல்பொயின்ட்தான். திருகோணமலையில் இது ருசி சார்ந்த விஷயம் அல்ல. ஜெல் பேனைக்கும் ஊற்றுப் பேனைக்கும் பெரும்பாலும் நீர் சேர்ந்த மை. கடற்காற்றில் தாள் ஈரம் இழுக்கும், வேர்த்த விரல் பட்டால் எழுத்துப் பரவும். போல்பொயின்ட் மை எண்ணெய்ச் சேர்மானம், தண்ணீருக்கு அவ்வளவு அசையாது. அப்பாமார் துண்டைச் சேட்டுப் பொக்கற்றில் மறந்துவிட்டுத் துவைக்கப் போடுகிறவர்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். பென்சிலும் நல்லது, காரீய எழுத்து வெயிலிலும் மங்காது. சிவப்பு மை மட்டும் வேண்டாம், பரீட்சைத் தாள் திருத்தினதுபோல் இருக்கும்.

ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மாரி. அந்த மாதங்களில் வெட்டி வைத்த தாளை லாச்சியில் திறந்தபடி வைத்தால் பதம்பட்டுத் தொய்ந்துவிடும், மை ஊறும். மூடியுள்ள பிஸ்கற் ரின்னில் போட்டு, சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பைக்கற் ஒன்றையும் உள்ளே போடுங்கள். சோற்றுப் பருக்கையால் ஒட்டுகிற பழக்கத்தை விடுங்கள். மாச்சத்துக்குக் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் வந்து, பருக்கையோடு எழுத்தையும் சேர்த்து அரிக்கும்.

எங்கே வைப்பது

கையில் கொடுத்துவிட்டு முன்னால் நிற்காதீர்கள். வாசிக்கிறவருக்கு என்ன முகம் வைப்பதென்று தெரியாது. அவர் தனியாக இருக்கும்போது தானே காணும் இடம் வேண்டும்: சீனிப் போத்தலின் மேல், மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள், மருந்துப் பைக்கற்றோடு. சாமித்தட்டில் வைப்பதைச் சிலர் விரும்புவார்கள், சிலர் விரும்பமாட்டார்கள். உங்கள் வீட்டைப் பொறுத்தது.

சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைப்பதில்தான் கூடுதலான துண்டுகள் நாசமாகின்றன. சுடுசோற்றின் ஆவி மூடியில் நீராகத் திரண்டு தாளில் சொட்டும். மூடிக்கு வெளியே வைத்து, பெட்டியைச் சுற்றும் துணிக்குள் செருகுங்கள். குளிர்த் தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்திலும் வைக்கக்கூடாது, போத்தல் வேர்க்கும்.

ஒட்டும் துண்டுகளை அடுக்கிலிருந்து கீழிருந்து மேலாக இழுத்தால் சுருண்டு நிற்கும், சுருண்டது சீக்கிரம் விழும். பக்கவாட்டில் இழுத்தெடுத்தால் தட்டையாக இருக்கும். சுண்ணாம்புச் சுவரில் அது பிடிக்காது. குசினிச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அங்கும் பிடிக்காது. அலுமாரிக் கண்ணாடியோ பிரிட்ஜ் கதவோ சரி, ஒட்டமுதல் காய்ந்த துணியால் துடையுங்கள். மே தொடக்கம் ஓகஸ்ட் வரை கச்சான் வீசும் பின்னேரங்களில் யன்னலுக்கு நேரே வைத்த துண்டு குச்சொழுங்கையில்தான் கிடக்கும், மேலே ஏதாவது பாரம் வையுங்கள். கோட்டைப் பக்கம் நிறுத்தியிருக்கும் கூட்டாளியின் சைக்கிளில் செருகிவிட்டுப் போகிற யோசனை இருந்தால் அதையும் விடுங்கள். அங்கே திரியும் மான்களுக்கு எழுத்தறிவு இல்லை, ஆனால் பசி உண்டு.

அயல் வீட்டுக் கோப்பை

சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை என்ற வழக்கம் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. பதிலுக்குப் போகும் பலகாரத்தோடு ஒரு துண்டும் போகலாம். பாத்திரத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, துண்டை மூடியின் மேல் வைத்து நூலால் கட்டுங்கள். உள்ளே வைத்தால் எண்ணெய் ஊறும். நோன்பு மாதத்தில் கஞ்சி வந்திருந்தால், பதில் பாத்திரத்தை நோன்பு திறந்த பிறகு அனுப்புங்கள். துண்டு இப்படி இருக்கலாம்:

“ராத்தா, நேற்றுக் கஞ்சி வரேக்க மகன் காய்ச்சலோட கிடந்தான். ரெண்டு நாளைக்குப் பிறகு அவன்ட வாய்க்குள்ள இறங்கினது அதுதான். இஞ்சி தூக்கலாப் போட்டிருந்தீங்கள், அதுதான் பிடிச்சதாம்.”

சாப்பாட்டைப் பற்றி எழுதும்போது “நல்ல ருசி” என்பது ஒன்றும் சொல்லாத சொல். யார் சாப்பிட்டார், எவ்வளவு மிஞ்சியது, எதை இரண்டாம் முறை கேட்டார்கள் என்று எழுதுங்கள். வெளியாட்களுக்கு எழுதும் இந்தத் துண்டில் “நன்றி” வரலாம், குற்றமில்லை. கடைசியில் ஒரு தடவை போதும்.

அயலவர் சிங்களம் மட்டும் வாசிப்பவரென்றால், தெரியாத எழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைய வேண்டாம். ஒரு சுழி மாறினால் வேறு சொல்லாகிவிடும். தெரிந்த பிள்ளை ஒன்றிடம் இரண்டு வரி எழுதுவியுங்கள், அடியில் உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள். “பொஹோம ஸ்துதியி” (மிக்க நன்றி) என்று வாயால் சொல்லிக்கொண்டே துண்டைக் கொடுத்தால் மிச்சம் தானாக நடக்கும்.

கண் மங்கிய அம்மம்மாவுக்கு எழுதும்போது தனித்துண்டு காணாது. ஒற்றைக் கோட்டுக் கொப்பித் தாளில் ஒரு கோடு விட்டு ஒரு கோட்டில், எழுத்தைக் கோட்டின் முழு உயரத்துக்கும் எழுதுங்கள். கறுப்பு மை, தடித்த முனை. ஒரு பக்கத்தில் கொஞ்சச் சொல்தான் வரும், அதற்கேற்ப விஷயத்தைச் சுருக்குங்கள். அவருக்கு வேறொருவர்தான் வாசித்துக் காட்டுவார் என்றால், அந்த வேறொருவர் கேட்கக்கூடாததை எழுதாதீர்கள். அக்காவின் மகன் உரக்க வாசிக்கும் துண்டில் அக்காவைப் பற்றிய ஒப்பீடு வந்தால் அன்றைக்கே வீடு இரண்டாகும்.

வெளிநாட்டில் இருப்பவருக்குப் பார்சலோடு போகும் துண்டை மிளகாய்த்தூள், கருவாட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் தனி உறையில் போட்டு, உடுப்புகளுக்கு நடுவில் வையுங்கள். தபாலில் போகிறதென்றால் பெறுநர் விலாசத்தை ஆங்கில எழுத்தில் எழுதி, நாட்டின் பெயரைக் கடைசி வரியில் போடுங்கள். பின்பக்கத்தில் உங்கள் விலாசத்தோடு திருகோணமலை 31000 என்ற தபால் குறியீடும் இருக்கட்டும்.

பழைய கடன்

நேற்று நடந்ததற்கு இன்று எழுதுவது சுகம். பல ஆண்டு சென்றதற்கு எழுதுவதுதான் கை நடுங்கும் வேலை. 1990 இடம்பெயர்வில் இடம் தந்தவர்கள், 2004 டிசம்பர் 26க்குப் பிறகு ஒரு மாதம் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள் என்று எல்லாக் குடும்பத்துக்கும் ஓரிருவர் இருப்பார்கள். “உங்கள் உதவியை உயிருள்ளவரை மறவோம்” என்று எழுதினால் அது உண்மையாக இருந்தும் கையில் பிடிபடாது. அந்தப் பெரியதை எழுதப் போகாதீர்கள். கடல் வந்ததையும் இழந்ததையும் விவரிக்கவும் வேண்டாம், அவருக்கும் அது தெரியும். அந்த நாட்களின் ஒரு சின்னச் சாமானை மட்டும் எடுங்கள்:

“மாமி, அந்த ஒரு மாதமும் கிணத்தடியில எங்களுக்கெண்டு ஒரு நீல வாளி வைச்சிருந்தீங்கள். நாங்கள் ஒருநாளும் உங்கட வாளியைக் கேட்க வேண்டி வரேல்லை.”

வாளியின் நிறம் நினைவில் இல்லையென்றால் நிறத்தை விடுங்கள். ஊகித்து எழுதி அது பிழைத்தால், வாசிப்பவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். இதற்கு அரை ஏ4 எடுத்து, முதலில் கொப்பியில் எழுதி, இரண்டு நாள் கிடக்கவிட்டு, பாதியை வெட்டிவிட்டுப் பிரதி பண்ணுங்கள். இந்த ஒன்றை மட்டும் சீனிப் போத்தலின் மேல் வைக்காமல் நேரில் கொண்டுபோங்கள். போய் இருந்த உடனே நீட்டாமல், வெளிக்கிடும்போது கொடுங்கள். உங்கள் முன்னாலேயே வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் மடித்து இடுப்பில் செருகினால், “வாசிச்சீங்களோ” என்று கேட்க வேண்டாம். “இரு, தேத்தண்ணி போடுறன்” என்று குசினிக்குள் போனால், சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் திரும்ப இருங்கள்.