கிரீன் டீயின் கசப்பு போன கதை

எங்கள் வீட்டில் கிரீன் டீ என்றாலே எல்லோரும் முகம் சுளிப்பார்கள். அத்தனை கசப்பு. தேன், எலுமிச்சை எதுவும் எடுபடவில்லை. குன்னூரிலிருந்து நல்ல இலையாக வரவழைத்தும் அதே கதைதான்.

கோளாறு இலையில் இல்லை, கொதிக்கும் தண்ணீரில். கிரீன் டீயும் நம் சாதாரண டீயும் ஒரே செடியின் இலைதான். பறித்த இலையைச் சீனாவில் சூடான இரும்புச் சட்டியில் வாட்டுவார்கள். ஜப்பானில் பெரும்பாலும் ஆவி காட்டுவார்கள். அதனால் இலை கறுக்காமல் நிற்கிறது; கேட்டச்சின் என்ற துவர்ப்புப் பொருளும் அதிலேயே தங்கிவிடுகிறது. கொதிநீர் பட்டால் அது ஏகத்துக்கும் இறங்கிவிடும்.

இப்போது தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, டம்ளர் மாற்றி டம்ளர் இரண்டு தடவை ஊற்றுகிறேன். 75-80 டிகிரிக்கு வந்துவிடும். 200 மில்லிக்கு ஒரு டீஸ்பூன் இலை, 2 நிமிடம், உடனே வடிகட்டிவிட வேண்டும். இளம்பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம், நாக்கில் லேசான இனிப்பு. அதே இலையில் இன்னொரு முறையும் தண்ணீர் ஊற்றலாம். எனக்கு அந்த இரண்டாவது டம்ளர்தான் பிடிக்கும்.

தொப்பை கரையும் என்பதெல்லாம் விளம்பரப் பேச்சு. பால் டீக்குப் பதிலாகக் குடித்தால் அந்தச் சர்க்கரை மிச்சம், அதுவே பெரிய லாபம். அப்புறம், சாப்பாட்டோடு குடிக்க வேண்டாம். கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதை இது குறைக்கும். ரத்தசோகை உள்ள என் அக்காவுக்குச் சாப்பாடு முடிந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் டம்ளரை நீட்டுவேன்.