இ-வாலட்டும் பேங்கும் ஒன்றல்ல: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கு லெபோ பசாரில் பூக்கடை வைத்திருக்கும் அக்கா, நாலு மாத வசூலை அப்படியே இ-வாலட்டில் விட்டுவைத்திருந்தார். கேட்டால், "ரெண்டையும் பாக்கறது நெகாராதானே தம்பி? பேங்க்ல இருந்தா என்ன, இதுல இருந்தா என்ன?" என்றார்.

கண்காணிப்பது மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாராதான். 2013 நிதிச் சேவைச் சட்டப்படி, பேங்க் நெகாரா அனுமதி இல்லாமல் யாரும் இ-வாலட் நடத்த முடியாது. ஆனால் பேங்க் நொடித்தால் ஒரு பேங்குக்கு ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரை பிஐடிஎம் என்ற வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகம் திருப்பித் தரும். வாலட் காசுக்கு அந்தக் காப்பீடு கிடையாது. வாடிக்கையாளர் காசை நிறுவனம் தன் காசோடு கலக்காமல் தனியே வைக்க வேண்டும் என்பதுதான் அங்கே நமக்குள்ள பிடிமானம். 2022 டிசம்பரில் வந்த புதிய விதிகள் இதை இறுக்கின. நல்லதுதான், ஆனால் காப்பீட்டுக்கு ஈடாகாது. ஆப்புக்குள்ளேயே "தினமும் வருமானம்" என்று காட்டும் பகுதியில் போடுவது பெரும்பாலும் முதலீடு. அதற்கும் பிஐடிஎம் இல்லை.

அடுத்த தவறு, விதி மாறுகிறது என்ற பேச்சையே நம்பிவிடுவது. "புதிய விதி, 24 மணி நேரத்தில் ஐசி சரிபார்க்காவிட்டால் வாலட் முடங்கும்" என்று அக்காவுக்கு வாட்சப்பில் ஒன்று வந்தது, கீழே ஒரு லிங்க். நிறுவனங்கள் எஸ்எம்எஸ்ஸில் லிங்க் அனுப்ப 2024 செப்டம்பர் முதல் தடை இருப்பதால், ஏமாற்றுக்காரர்களுக்கு வாட்சப்தான் வசதி. சரிபார்ப்பு உண்மையிலேயே தேவைப்பட்டால், நாமே ஆப்பைத் திறந்தால் அங்கே தெரியும். காசு போய்விட்டதா? யோசிக்காமல் 997 என்ற மோசடிப் புகார் எண்ணை அழையுங்கள்.

தெரிந்தவர் கேட்டார் என்று உங்கள் கணக்கை அவர் பயன்படுத்தக் கொடுக்காதீர்கள். 2024-இல் திருத்திய தண்டனைச் சட்டத்தில் அது தனிக் குற்றம். "மச்சான்தானே கேட்டான்" என்பது எடுபடாது.

எந்த ஆப்பிலிருந்தும் காசு வாங்க உதவும் டுவிட்நவ் கியூஆருக்கு 2023 நவம்பர் முதல் வியாபாரிகளிடம் கட்டணம் என்ற பேச்சு வந்ததும் பக்கத்துக் கடைக்காரர் அந்த இளஞ்சிவப்பு அட்டையைக் கழற்றி மேசைக்குள் போட்டுவிட்டார். பல பேங்குகள் சிறு வியாபாரிகளுக்கு அதைத் தள்ளுபடி செய்தது அவருக்குத் தெரியாது. ஒரு போன் போட்டிருக்கலாம்.

அக்கா இப்போது மறுநாள் பூவுக்கான காசை மட்டும் வாலட்டில் விடுகிறார். மிச்சம், கடை சாத்தும்போதே பேங்குக்குப் போய்விடுகிறது. மாற்றுவதற்குக் கட்டணம் உண்டா என்று முதல் நாளே பார்த்துக்கொண்டார்.