பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஷொக் எடுக்க முதல் ஸ்பிரிங்கைப் பாருங்கோ

கொழும்பில பழைய மஸ்டா ரோட்ஸ்டர், டொயோட்டா எம்ஆர்டூ, ஹொண்டா சிவிக் ஈஜி மாதிரி ஏதாவது வச்சிருக்கிற ஆக்கள் ஷொக் (ஷொக் அப்சோபர்) மாத்துற நேரம் முதல்ல கேக்கிறது "எந்த பிராண்ட் நல்லம்?" எண்டுதான். அதுக்கு முதல் கேக்க வேண்டியது "இப்ப என்ர கார்ல என்ன ஸ்பிரிங் கிடக்கு?" எண்டு. காரைத் தாங்கிறது ஸ்பிரிங், ஷொக்கின்ட வேலை அந்த ஸ்பிரிங் அமுங்கி எழும்புற வேகத்தைக் கட்டுப்படுத்துறது, அதால ஸ்பிரிங் தெரியாம ஷொக் எடுக்கிறது ஆளைப் பாக்காம சட்டை தைக்கிற மாதிரி. ஜப்பான்ல இருந்து வந்த கார்கள்ல கனக்கத்துக்கு அங்க வச்சிருந்த ஆளே லோவரிங் ஸ்பிரிங், அதாவது காரைப் பதிக்கிற கட்டை ஸ்பிரிங் போட்டிருப்பார், இங்க ரெண்டு மூண்டு கை மாறேக்க அந்தக் கதையே ஒருத்தருக்கும் தெரியாமப் போயிடும். சில்லைக் கழட்டிப்போட்டு டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. கறுப்புக் கொயிலில சின்னப் பெயிண்ட் புள்ளி மட்டும் இருந்தா பெரும்பாலும் கொம்பனி ஸ்பிரிங், முழுக்கச் சிவப்பு, நீலம் எண்டு நிறம் அடிச்சிருந்தா யாரோ பிறகு போட்டது. கொயிலை வெட்டியிருந்தா, அதாவது கடைசிச் சுத்தின்ட நுனி கிரைண்டர் வச்சு வெட்டின மாதிரி நிண்டா, ஷொக் கதையை விட்டுட்டு முதல் அந்த ஸ்பிரிங்கை மாத்துங்கோ.

அடுத்தது ஷொக் உண்மையா முடிஞ்சுதா எண்டு பாக்கோணும். பொனட்டை அமத்தி ஆட்டிப் பாக்கிற டெஸ்டை எல்லாரும் செய்வினம், ஆனா அரைவாசி போன ஷொக் அதில பாஸ் ஆகிடும். அதைவிட டயரில உள்ளங்கையை வச்சுச் சுத்தி வரத் தடவிப் பாருங்கோ, மேடு பள்ளமா அலை மாதிரி கைக்குத் தெரிஞ்சா சில்லு ரோட்டில ஒழுங்கா ஒட்டாமத் துள்ளியிருக்கு எண்டு அர்த்தம். டஸ்ட் பூட்டை, அதாவது புழுதி மறைக்கிற உறையைத் தூக்கி உள்ள பம்ப் ஸ்டொப்பையும், அதாவது ஷொக் முழுக்க அமுங்கேக்க அடி தாங்கிற கட்டையையும் பாருங்கோ, பழைய கார்கள்ல அந்த மஞ்சள் ஃபோம் விரல் பட்டாலே பிஸ்கட் தூளாக் கொட்டும். ஒயில் வழிஞ்சு புழுதி ஒட்டிக் கிடந்தா வேற சாட்சி தேவையில்ல. சத்தம் மட்டும்தான் பிரச்சினை எண்டா அவசரப்படாதேங்கோ, டக் டக் எண்டு கேக்கிறது கனக்க நேரம் மேல் மவுண்ட், புஷ், போல் ஜொயிண்ட்தான்.

இப்ப எதை எடுக்கிறது? பேஸ்லைன் ரோட்டில மேன்ஹோல் மூடிகள், ஒழுங்கைக்கு ஒழுங்கை ஸ்பீட் ப்ரேக்கர், நுகேகொடை பக்கம் ரயில் கடவை, எங்கட கார் ஓடுற இடம் இதுகள்தான். ஸ்போர்ட்ஸ் கார் எண்டா கல்லு மாதிரி இறுக்கமா இருக்கோணும் எண்டு நினைக்கிறது பிழை. ஷொக் அளவுக்கு மிஞ்சி இறுகினா பள்ளத்தில சில்லு கீழ இறங்கிப் போக நேரமில்ல, கார் தாவும், கிரிப்பும் போயிடும். அதாலதான் கைக்கு வந்த விலைக்கு விக்கிற கொயில்ஓவர் செட்டுகளை, அதாவது ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒண்டா வாறதுகளை நான் ஒருத்தருக்கும் சொல்றதில்ல. இறுக்கமான ஸ்பிரிங், கட்டையான ட்ரவல் (சில்லு மேல கீழ போற தூரம்), பெட்டியில இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க 32 கிளிக் எண்டு போட்டிருந்தாலும் எந்த கிளிக்கிலயும் கொழும்பு ரோட்டுக்குச் சரிவராது.

ஸ்டொக் ஸ்பிரிங் இருக்கு, தினசரி ஓடுற கார் எண்டா கேவைபி எக்ஸெல்-ஜி மாதிரி ட்வின் ட்யூப் (ஒண்டுக்குள்ள ஒண்டா ரெண்டு குழாய்) கேஸ் ஷொக்கே தாராளம், கம்பனி ஃபீலுக்குக் கிட்டத்தட்ட வரும். கொஞ்சம் கூட வேணும், காசும் இருக்கு எண்டா பில்ஸ்டீன் பி6. அது மொனோட்யூப், அதாவது ஒத்தைக் குழாய், வளைவுகள்ல தொடர்ந்து ஓட்டினாலும் சூட்டில சோராது. ஆனா மொனோட்யூபில பிஸ்டன் ஓடுறது வெளி உருளையின்ட சுவரிலயே, அதால கல்லடிச்சு ஒரு நெளிவு விழுந்தா அதோட சரி. லோவரிங் ஸ்பிரிங் போட்டுப் பதிச்ச கார் எண்டா பி6 எடுக்காதேங்கோ, கட்டைச் ஸ்பிரிங்குக்கெண்டே பி8 இருக்கு. கோனி பிராண்டின்ட மஞ்சள் ஷொக்கில ரீபவுண்டை, அதாவது எழும்புற பக்கத்தை மட்டும் கூட்டிக் குறைக்கலாம், வேற வேற ஸ்பிரிங் போட்டுப் பாக்கிற ஆளுக்கு நான் அதைத்தான் சொல்லுவன். சில மொடலுக்கு மேல குமிழ் இருக்கும், சிலதைக் கழட்டி முழுக்க அமத்தித்தான் திருப்போணும், வாங்க முதல் உங்கட காருக்கு எது எண்டு பாத்துக்கொள்ளுங்கோ.

ரோட்ஸ்டர்காரருக்குத் தனியா ஒண்டு. 1989ல வந்த முதல் மொடலில ட்ரவல் ஏற்கனவே குறைவு, பதிச்சா ரெண்டு பேர் ஏறின உடனேயே பம்ப் ஸ்டொப்பில குந்திடும், அதுக்குப் பிறகு எவ்வளவு விலைக்கு ஷொக் போட்டாலும் பிரயோசனமில்ல. டொயோட்டா ஏஇ86 வச்சிருக்கிற ஆக்களுக்கு முன்பக்கம் முழு ஷொக் மாத்துறதில்ல, ஸ்ட்ரட் (சில்லைப் பிடிச்சு நிக்கிற தூண்) குழாய்க்குள்ள இறங்கிற இன்சேர்ட் மட்டும்தான், அதால அந்தக் குழாயும் மேல் நட்டின்ட புரியும் துருப்பிடிக்காம இருக்கா எண்டு முதல்லயே பாருங்கோ.

வாங்கப் போகேக்க பஞ்சிகாவத்தை, தெல்கந்தை பார்ட்ஸ் கடைகளுக்குப் போய் "ரோட்ஸ்டர் ஷொக்" எண்டு மட்டும் கேக்காதேங்கோ. சேசிஸ் கோடை, அதாவது கொம்பனி மொடலுக்கு வச்ச குறியீட்டைச் சொல்லிக் கேளுங்கோ, ரோட்ஸ்டருக்கு என்ஏ6சிஈ, எம்ஆர்டூக்கு எஸ்டபிள்யூ20, சிவிக்குக்கு ஈஜி6 எண்ட மாதிரி, அதோட பார்ட் நம்பரை பெட்டியிலயும் ஷொக்கின்ட உடம்பிலயும் ஒத்துப் பாருங்கோ, ரெண்டும் ஒண்டா இல்லாட்டி வச்சிட்டு வாங்கோ. எஸ்டபிள்யூ20க்கு வருஷமும் சொல்லோணும், ஏனெண்டா 1992 மொடலோட சஸ்பென்ஷனை மாத்தினவங்கள். ஜப்பான் யூஸ்ட் ஷொக் வேண்டாம். மேல் மவுண்ட், ஸ்பிரிங் எல்லாம் யூஸ்ட் எடுக்கலாம், ஷொக் உள்ளுக்குத் தேயிற சாமான், வெளியில பளபளப்பா இருந்தாலும் ஒண்டும் சொல்லேலாது. ஷொக்கை ஓட்டை போட்டு ஒயில் நிரப்பி வெல்ட் பண்ணித் தாற வேலைக்கும் போகாதேங்கோ, உள்ள வால்வும் கேஸும் பழைய மாதிரி வராது. எடுக்கிறதை சோடியா எடுங்கோ, ஏலுமெண்டா நாலும் ஒண்டா, அதோட பம்ப் ஸ்டொப்பும் டஸ்ட் பூட்டும் புதுசு.

பூட்டேக்க கிட்ட நிண்டு பாருங்கோ. ட்வின் ட்யூப் எண்டா பெட்டியில படுத்துக் கிடந்ததுக்கு நிமித்தி வச்சு நாலஞ்சு தரம் முழுக்க அமத்தி இழுத்து உள்ள நிக்கிற காத்தை வெளியேத்தோணும். ஷொக்கில இருந்து வெளிய வந்து போற குரோம் ரொட்டை (கம்பியை) பிளையரால பிடிக்கவே விடாதேங்கோ, குரோமில ஒரு கீறல் விழுந்தா சீல் கிழிஞ்சு கொஞ்ச நாளிலயே ஒயில் வழியும். புஷ் இருக்கிற போல்ட்டுகளை ஜாக்கில கார் தொங்கேக்க இறுக்கினா ரப்பர் முறுகின படியே நிக்கும், சீக்கிரம் கிழியும், அதால கார் சில்லில நிக்கேக்கதான் கடைசி இறுக்கு. பிறகு வீல் அலைன்மெண்ட், எம்ஆர்டூ மாதிரி ஸ்ட்ரட் கார் எண்டா கட்டாயம். கோனி போட்டா எல்லாத்தையும் ஆக மென்மையான செட்டிங்கில வச்சு ஒரு கிழமை வழக்கமான ரோட்டுகள்ல ஓடுங்கோ, ஒருக்கா சதர்ன் எக்ஸ்பிரஸ்வேயில 100லயும் போய்ப் பாருங்கோ, மேடு தாண்டின பிறகு கார் ரெண்டாந்தரமும் ஆடினா மட்டும் கொஞ்சம் கூட்டுங்கோ.