மாசியில் மலையேறப் பழகலாம்: ராயக்கோட்டையில் முதல் ஏற்றம்

பஞ்சாங்கக் கணக்குப்படி இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். அதை நம்பி நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் ஒரு பாறை மலையில் ஏறினால் பத்து மணிக்கெல்லாம் வறுபட்டுவிடுவோம். இங்கே மலையேறத் தோதான வசந்தம் தை கடைசியில் ஆரம்பித்துப் பங்குனி பாதியோடு முடிந்துவிடும். மாந்தோப்புகள் பூத்திருக்கும், புங்கன் தளிர்விடும், விடியற்காலையில் லேசான குளிர் இருக்கும். பங்குனி பிற்பகுதியில் பாறை சூடேற ஆரம்பித்ததும் மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

முதல் மலையாக நான் சொல்வது ராயக்கோட்டை. ஊரை ஒட்டியே நிற்கும் கோட்டை மலை என்பதால் வழி தவறும் பயம் குறைவு. கால் வலித்தால் திரும்பி இறங்கிவிடலாம். இறங்கியதும் டீக்கடை இருக்கிறது.

முதலில்: காட்டுக்குள் போகாதீர்கள்

ஏற்றத்துக்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டு அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பைக்கை விட்டுக் காட்டில் இறங்குபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அது யானைக் காடு. காவிரி வடக்கு வனஉயிரின சரணாலயம் 2014இல், காவிரி தெற்கு 2022இல் அறிவிக்கப்பட்டவை. அனுமதியில்லாமல் காலே வைக்கக் கூடாது. அதோடு மாசி, பங்குனி என்பது காட்டுத்தீக் காலம். தேனி மாவட்டம் குரங்கணியில் தீ பிடித்து மலையேறப் போனவர்கள் பலர் உயிரிழந்தது 2018 மார்ச்சில், இதே பருவத்தில்தான். அரசின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் பாதைகளைக்கூட 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடி வைத்தார்கள். ஆக, இந்தப் பருவத்தில் நமக்கு ஏற்றது ஊரோரக் கோட்டை மலைகள்.

ஒரு வாரம் முன்பே: காலைத் தயார்செய்யுங்கள்

பெரிய உடற்பயிற்சி எதுவும் வேண்டாம். தினமும் மாடிப்படி ஏறி இறங்குங்கள். கிருஷ்ணகிரிக்காரர்கள் கே.ஆர்.பி. அணைப் பக்கம் ஒரு மணி நேரம் வேகமாக நடந்து பார்க்கலாம். மூச்சு வாங்கினாலும் பேச முடிகிறதா? அது போதும். இதய நோய், மூட்டு வலி உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். இதில் பேரம் கிடையாது. ‘மேலே சுனை இருக்கிறதே’ என்று யாராவது சொல்வார்கள். அது குடிக்கிற தண்ணீர் இல்லை. ஓரம் பாசி படிந்து வழுக்கும் என்பதால் குளிக்கிற இடமும் இல்லை. இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், தொப்பி அல்லது துண்டு, முழுக்கைச் சட்டை, சிறிய டார்ச். ரப்பர் அடி போட்ட, பிடிப்புள்ள ஷூ வேண்டும். அடி தேய்ந்த பழைய ஷூ செருப்பைவிட மோசம். சாப்பாட்டுக்குப் புளிசோறும் கடலை மிட்டாயும் எனக்குப் பிடித்த கூட்டணி. எதுவானாலும் ஜிப் உள்ள பைக்குள் வையுங்கள். குரங்குகளுக்குக் கையில் தொங்கும் பிளாஸ்டிக் கவர் என்றாலே சாப்பாடு என்றுதான் அர்த்தம்.

சென்ட் அடித்துக்கொண்டு வராதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

போவது எப்படி, ஏறுவது எப்போது

கிருஷ்ணகிரி, ஓசூர் இரண்டிலிருந்தும் பஸ் உண்டு. தர்மபுரியிலிருந்து பாலக்கோடு, மாரண்டஅள்ளி வழியாக வரலாம். ஓசூர் - தர்மபுரி ரயில் பாதையிலும் ராயக்கோட்டை ஒரு ஸ்டேஷன். மார்ச்சில் இங்கே சூரியன் உதிக்க ஏறக்குறைய ஆறரை ஆகும். வெளிச்சம் வந்ததும் கால் வைத்தால் ஒன்பதரைக்குள் கீழே வந்துவிடலாம். பஸ் நேரம் ஒத்துவரவில்லை என்றால் முந்தின இரவே வந்து தங்குங்கள். எட்டரைக்கு வந்து சேர்ந்துவிட்டு ‘வந்தது வந்தோம்’ என்று ஏறுவது மட்டும் வேண்டாம். குறைந்தது மூன்று பேராக வாருங்கள்; எந்த மலைக்கு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

பாறையைப் படிக்கப் பழகுங்கள்

புதிதாக வருபவர்கள் மலையையே அண்ணாந்து பார்த்து நடப்பார்கள். பார்க்க வேண்டியது அடுத்த நான்கு அடியை. மழைத் தண்ணீர் வழிந்த இடங்களில் பாறைமேல் கறுப்புத் தடம் நீளமாக ஓடியிருக்கும். வெயிலில் காய்ந்திருக்கும்போது அது ஒன்றும் செய்யாது. விடியற்காலைப் பனியில் நனைந்திருந்தால் எண்ணெய் தடவிய தோசைக்கல்தான். அதன் ஓரமாகச் சொரசொரப்பான சாம்பல் நிறப் பாறை இருக்கும், அங்கே மிதியுங்கள். சில இடங்களில் பாறையின் மேல்பட்டை உரிந்து தகடாக நிற்கும். காலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம்போல ஒலித்தால் அதன்மேல் பாரம் போடாதீர்கள். சரிவில் சாய்ந்து கிடக்கும் காய்ந்த புல்லையும் நம்பக் கூடாது.

சரிவில் பயம் வந்தால் உடம்பு தானாகப் பாறையை நோக்கிக் குனியும். அப்படிக் குனிந்தால் ஷூவின் பிடி விட்டுப்போகும். நிமிர்ந்து, முழுப் பாதமும் படிய, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். நேராக ஏறாமல் இடமும் வலமுமாக வளைந்து ஏறினால் மூச்சும் மிஞ்சும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இரண்டு வாய், இரண்டு வாயாகக் குடித்துக்கொண்டே போங்கள். தலைவலி, கிறுகிறுப்பு, வெயிலிலும் மயிர்க்கூச்சம் என்று ஏதாவது தோன்றினால் நிழலில் உட்கார்ந்து ஓ.ஆர்.எஸ். குடித்து, தெளிந்ததும் இறங்கிவிடுங்கள். தெளியாவிட்டால் 108.

தேனீ விஷயம். செங்குத்துப் பாறையின் அடியில் அரைவட்டமாகக் கறுத்துத் தொங்குவது மலைத்தேன் அடை. வாசனையும் புகையும் அவற்றைக் கிளப்பிவிடும். அதனால்தான் சென்ட் வேண்டாம் என்றேன், பீடி சிகரெட்டும் வேண்டாம். கிளம்பிவிட்டால் கையை வீசி அடிக்காமல், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, கால் வைக்கும் இடத்தைப் பார்த்தபடி வேகமாக விலகுங்கள்.

மேலே போனதும்

மதிலும் இடிந்த கட்டடங்களும் சுனைகளும்தான் மிச்சம். 1791 ஜூலையில், மூன்றாம் மைசூர்ப் போரின்போது, மேஜர் கௌடி தலைமையிலான ஆங்கிலேயப் படை இந்தக் கோட்டையைத் திப்புவிடமிருந்து பிடித்தது. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால், அதாவது நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. இப்போது இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். சுவரில் பெயர் கிறுக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. பறவை பார்ப்பவர்கள் புதர்ப் பக்கம் காது கொடுங்கள். மஞ்சள் தொண்டைச் சின்னான் இப்படிப்பட்ட பாறை மலைகளில்தான் வாழும். தென்னிந்தியாவைத் தாண்டி வேறெங்கும் கிடையாது.

இறக்கம்

விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். ஷூ நாடாவை இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் கால் நகம் போய்விடும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, செங்குத்தான இடத்தில் பக்கவாட்டாக இறங்குங்கள். போனில் வீடியோ எடுத்துக்கொண்டே இறங்குபவர்களை என் குழுவில் நான் சேர்ப்பதில்லை. கொண்டுபோன கவர், பாட்டில், மிட்டாய்க் காகிதம் எல்லாம் பையோடு கீழே வர வேண்டும்.

இது பழகிவிட்டால் அடுத்தது கிருஷ்ணகிரிக் கோட்டை மலை. அதே 1791 நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல் கீழ்க்கோட்டையைப் பிடித்துவிட்டு, மேலிருந்து உருட்டிய கற்களைத் தாங்க முடியாமல் பின்வாங்கிய மலை. மேலே தர்கா இருப்பதால் நேர்த்திக்கு வருபவர்களும் ஏறுவார்கள். பாட்டுப் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மூன்றாவதாக அரூர்ப் பக்கம் தீர்த்தமலை போகலாம். அது கோயில் மலை. விசேஷ நாள் இல்லாத காலையாகப் பார்த்துப் போனால் நிதானமாக ஏறலாம்.