மால்டா போகிறவர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

மத்தியதரைக் கடலிலுள்ள தீவு நாடான மால்டாவின் மொத்தப் பரப்பே 316 சதுர கிலோமீட்டர்தான். "சின்னத் தீவுதானே, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்புகிறவர்களுக்குத்தான் மால்டாவில் ஏமாற்றம் அதிகம்.

முதலில் கைநழுவுவது ஹால் சஃப்லியெனி ஹைபோஜியம். பாவோலா ஊரின் வீடுகளுக்கு அடியில், சுண்ணாம்புப் பாறையை மூன்று அடுக்காகக் குடைந்த கல்லறை இது. எகிப்தின் பிரமிடுகளைவிடப் பழையது. 1902இல் வீடு கட்டத் தோண்டியபோது வெளிப்பட்டது. ஆள் கூடினால் மூச்சின் ஈரமும் கரியமில வாயுவும் உள்ளேயிருக்கும் செங்காவி ஓவியங்களைக் கெடுத்துவிடும். அதனால் ஒரு தடவைக்கு 10 பேர், நாளுக்கு 80 பேர், அவ்வளவுதான். வாசலில் போய் நின்று பயனில்லை. பயணத் தேதி முடிவானதுமே இணையத்தில் பதிவு செய்துவிடுங்கள், கோடையில் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். படம் எடுக்கக் கூடாது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை.

1565ஆம் ஆண்டு துருக்கியரின் ஒட்டோமான் படை மால்டாவை முற்றுகையிட்ட தடத்தைத் தலைநகர் வல்லெட்டாவின் மதில்களில் தேடுவது இன்னொரு பிழை. அப்போது அந்த நகரமே கிடையாது. அடிக்கல் நாட்டியது 1566இல். சண்டை நடந்தது, இன்று வல்லெட்டா இருக்கும் நிலத்தின் முனையிலிருந்த செயின்ட் எல்மோ கோட்டையிலும், துறைமுகத்துக்கு எதிர்க்கரை ஊர்களான பிர்கு, செங்லியாவிலும். படகேறி அக்கரைக்குப் போகாமல் திரும்பினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

வல்லெட்டாவின் செயின்ட் ஜான் பேராலயத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்காதீர்கள். அன்று வழிபாடு மட்டுமே. இத்தாலிய ஓவியர் கரவாஜியோ தன் பெயரெழுதிய ஒரே ஓவியம் (1608) அங்கேதான் இருக்கிறது. தோள் மூடிய உடை அவசியம். கூர்முனைக் குதிகால் செருப்புக்குத் தடை, தரையெங்கும் பளிங்குக் கல்லறைப் பலகைகள் என்பதால். ஞாயிறு காலையில் மார்சஷ்லோக் மீன் சந்தைக்குப் போகலாம்.

மால்டாவின் இன்னொரு தீவான கோசோவின் 'நீலச் சாளரம்' என்ற கடல் வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து விழுந்துவிட்டது. பழைய படத்தை நம்பி அதற்காகவே போகாதீர்கள். அங்குள்ள ஜிகான்டியா என்ற வரலாற்றுக்கு முந்தைய கற்கோயிலுக்காகப் போங்கள், முழு நாள் ஒதுக்கி. வல்லெட்டாவிலிருந்து சிர்கெவ்வா துறைக்குப் பேருந்தே ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், அப்புறம் படகு 25 நிமிடம். படகுக் கட்டணம் போகும்போது கேட்கமாட்டார்கள், திரும்பும்போதுதான் வாங்குவார்கள்.

நம் ஊர் உருண்டைக் கம்பி பிளக் அங்கே பொருந்தாது. பிரிட்டன் பாணியில் மூன்று தட்டைக் கம்பி உள்ள அடாப்டர் வேண்டும்.