கண்ணாடி லில்லி பைப்: வாங்குவது, மாட்டுவது, உடையாமல் கழுவுவது

மீன் தொட்டியில் செடி வளர்க்கும் பிளாண்டட் டேங்க்காரர்கள், தொட்டிக்கு வெளியே நின்று நீரைச் சுத்தம் செய்யும் கேனிஸ்டர் ஃபில்டரை வாங்கியதும் அடுத்து ஆசைப்படுவது லில்லி பைப் என்னும் கண்ணாடிக் குழாய்க்குத்தான். தொட்டி நீரை ஃபில்டருக்கு உறிஞ்சுவதும் திரும்ப விடுவதும் இதன் வழியாகத்தான். ஃபில்டரோடு வரும் பிளாஸ்டிக் குழாய் செடிகளுக்கு நடுவே துருத்திக்கொண்டு தெரியும். அதே இடத்தில் கண்ணாடி இருந்தால் கண்ணுக்கு நீரும் செடியும் மட்டும்தான் படும். இந்த அழகுக்கு ஆசைப்பட்டு வாங்கிய பலர், முதல் முறை கழுவும்போதே உடைத்துவிட்டுப் பழையபடி பிளாஸ்டிக்குக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப் போகத் தேவையே இல்லை. குழாய் உடைவது பெரும்பாலும் ஒரே ஓர் இடத்தில், ஒரே ஒரு காரணத்தால்தான். அதை விரிவாகச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஃபில்டரை எப்படி இணைப்பது, ஓட விடுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

லில்லிப் பூ வடிவக் குழாயை உலகம் முழுக்கப் பரப்பியது ஜப்பானின் நீகாட்டாவைச் சேர்ந்த தகாஷி அமானோ 1982-ல் தொடங்கிய ஏ.டி.ஏ. நிறுவனம். பூ மாதிரி விரிந்த வாய் வெறும் அழகுக்காக வைத்தது இல்லை. குழாயின் வாய் அகலமானால் அதே அளவு தண்ணீர் வேகம் குறைந்து, பரவலாக வெளியே வரும். மண் கிளறாது, மெல்லிய தண்டுச் செடிகள் சாயாது, சின்ன மீன்கள் நீரோட்டத்தில் அடிபடாது. தொட்டி முழுக்க ஒரு மெதுவான சுழற்சி கிடைக்கும்.

வாங்கும் முன்

முதலில், ஃபில்டரையும் கண்ணாடிக் குழாயையும் இணைக்கும் வளையும் டியூபின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 12/16 என்று இருந்தால் உள்விட்டம் 12 மி.மீ., வெளிவிட்டம் 16 மி.மீ. இதற்கு 13 மி.மீ. கண்ணாடி. 16/22 டியூபுக்கு 17 மி.மீ. கண்ணாடி. சின்னத் தொட்டிகளின் 9/12 டியூபுக்கு 10 மி.மீ. மூன்றிலும் கண்ணாடி டியூபின் துவாரத்தைவிட 1 மி.மீ. பெரிதாக இருப்பதைக் கவனியுங்கள். அந்த இறுக்கம்தான் நீர் கசியாமல் பிடித்துவைக்கிறது. "கொஞ்சம் லூசாக இருந்தால் கிளாம்ப் போட்டுக்கலாம்" என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். கண்ணாடி மேல் கிளாம்பை முறுக்கினால் விரிசல்தான் மிஞ்சும்.

ஃபில்டரின் இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் இருக்கும் என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஈஹைம் கம்பெனியின் கிளாசிக் 2213 ஃபில்டரில் இரண்டும் 12/16. அதே வரிசையின் 2217-ல் உறிஞ்சும் பக்கம் 16/22, வெளிவிடும் பக்கம் 12/16. செட்டாக வாங்கிவிட்டு ஒன்று பொருந்தாமல் நிற்பவர்கள் நிறைய.

அடுத்து, தொட்டிக் கண்ணாடியின் தடிமன். குழாயின் வளைவு தொட்டி விளிம்பின் மேல் இடிக்காமல் உட்கார வேண்டும். 12 மி.மீ. கண்ணாடித் தொட்டிக்கும் மேலே பிளாஸ்டிக் சட்டம் போட்ட தொட்டிக்கும் எல்லா மாடலும் ஒத்துவராது. நீரை உறிஞ்சும் குழாயான இன்லெட்டின் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். அதன் கீழ்முனை மண்ணிலிருந்து நாலு விரல் உயரத்திலாவது நின்றால்தான் ஃபில்டர் மண்ணை இழுக்காது.

வடிவத்தில் என் சிபாரிசு: நீரை வெளிவிடும் பக்கத்துக்குச் சாதாரண லில்லி அவுட்லெட், உறிஞ்சும் பக்கத்துக்குச் சாதாரண இன்லெட். நீர்ப்பரப்பின் படலத்தை உறிஞ்சும் ஸ்கிம்மர் வைத்த இன்லெட் பார்க்க நன்றாக இருக்கும், வேலையும் செய்யும். ஆனால் சின்ன மீனும் இறாலும் அதற்குள் போய் மாட்டிக்கொள்ளும், கழுவுவதும் இரட்டிப்பு வேலை. இறால் வளர்ப்பவர்கள் எந்த இன்லெட்டாக இருந்தாலும் அதன் மேல் ஒரு ஸ்டீல் வலையைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் குட்டிகள் ஃபில்டருக்குள் போய்விடும்.

பிராண்ட் பற்றி: ஏ.டி.ஏ. குழாய்களின் வளைவும் விளிம்பும் அருமையாக இருக்கும், விலையும் அதற்கேற்றபடிதான். முதல் செட்டுக்கு அது வேண்டாம். சிஹிரோஸ் மாதிரியான நடுத்தர விலைக் குழாய்களே போதும். மிச்சமாகும் காசில் நல்ல பிரஷ் ஒன்றும், உதிரியாக இன்னொரு அவுட்லெட்டும் வாங்கி வையுங்கள். சென்னையில் மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் மாதிரி கடைத்தெருவில் நேரில் வாங்குவதாக இருந்தால் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வளைவுகளைப் பாருங்கள். வளையும் இடத்தில் சுவர் மெலிந்தோ உள்ளே குமிழி சிக்கியோ இருந்தால் வேறு கேளுங்கள். வாய் விளிம்பில் விரல் வைத்தால் வழவழவென்று இருக்க வேண்டும். வீட்டில் தவழும் குழந்தையோ பூனையோ இருந்தால் கண்ணாடியே வேண்டாம். அதே வடிவத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்கள் கிடைக்கின்றன, அவற்றை வாங்குங்கள்.

மாட்டுவது: உடைவதெல்லாம் இங்கேதான்

நான் அவசரமே படாமல் செய்யும் வேலை இது ஒன்றுதான்.

ஒரு டம்ளரில் கை பொறுக்காத சூட்டில் வெந்நீர் எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்க வேண்டாம். டியூபின் முனையை இரண்டு மூன்று செ.மீ. ஆழத்துக்கு அரை நிமிடம் முக்கி வையுங்கள். எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தால் குழைந்து கொடுக்கும். கண்ணாடி முனையைச் சாதாரணத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய், சோப்பு, வாஸ்லின் எதுவும் தடவக்கூடாது.

இப்போது பிடிக்கும் விதம். இடது கையால் கண்ணாடியை, டியூப் ஏறப்போகும் முனைக்கு மிக அருகில், ஒரு துணியைச் சுற்றிப் பிடியுங்கள். வளைவைத் தொடவே வேண்டாம். பூவைப் பிடித்துக்கொண்டு தள்ளுவது இன்னும் ஆபத்து. எங்கே பிடிக்கிறீர்களோ அங்கிருந்து டியூப் வரைக்கும் உள்ள கண்ணாடியின் மேல்தான் விசை விழும். அந்தத் தூரம் இரண்டு செ.மீ. நேர்க்குழாயாக இருந்தால் தாங்கும். நடுவே ஒரு வளைவு வந்துவிட்டால் நெம்புகோல் போட்டது மாதிரி மொத்த விசையும் வளைவில் போய் நிற்கும், அங்கேதான் உடையும். உடைந்த முனை உள்ளங்கைக்குள் இறங்குவதும் அப்போதுதான்.

வலது கையால் டியூபை நேராகத் தள்ளுங்கள். ஏறவில்லையென்றால் டியூபை லேசாகத் திருகலாம், கண்ணாடியைத் திருகக்கூடாது. இரண்டு செ.மீ. ஏறினால் போதும். ஐந்து செ.மீ. ஏற்றிவிட்டால் கசிவு ஒன்றும் கூடுதலாகக் குறையாது, பிறகு கழற்றத்தான் கஷ்டம். பாதியில் இறுகிவிட்டதா? வெளியே எடுத்து மறுபடி வெந்நீரில் முக்குங்கள். பலத்தைக் கூட்டாதீர்கள்.

டியூபைக் கொஞ்சம் நீளமாகவே விட்டு வெட்டிக்கொள்ளுங்கள். காரணம் கழற்றும்போது தெரியும்.

எந்த உயரத்தில் வைப்பது

பூவின் மேல் விளிம்பு நீர்ப்பரப்பை ஒட்டி, அதற்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். நீர்ப்பரப்பில் மெல்லிய சலசலப்பு தெரிய வேண்டும், ஆனால் நீர் தெறிக்கிற சத்தம் வரக்கூடாது. பூவுக்கு மேலே சுழல் விழுந்து காற்றை உள்ளே இழுத்தால் குழாயை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். கார்பன் டை ஆக்சைடு கொடுக்கும் தொட்டியில் இது முக்கியம். மேற்பரப்பு அதிகம் கலங்கினால் கொடுத்த வாயு அப்படியே வெளியேறிவிடும்.

சென்னை மே மாதத்தில் நீர் மளமளவென்று ஆவியாகும். காலையில் சரியாக வைத்த பூ இரண்டு மூன்று நாளில் வெளியே தலைகாட்டிச் சத்தம் போடும். அப்போது குழாயை நகர்த்தாதீர்கள், தண்ணீரை ஊற்றுங்கள். இரவில் விளக்கும் வாயுவும் நின்ற பிறகு, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், பூவைப் பாதி வெளியே தெரிகிற மாதிரி உயர்த்தி வையுங்கள். ஆக்சிஜன் நன்றாகக் கரையும். காலையில் மறுபடி இறக்கிவிடலாம்.

கழற்றுவது

பழுப்புப் பூச்சு தெரிய ஆரம்பித்ததுமே கழுவிவிடுங்கள். பச்சைப் பாசியாகக் கெட்டிப்படும்வரை விட்டால் வேலை பல மடங்கு. கண்ணாடிக்குள் வெளிச்சம் விழுகிறது, சத்துள்ள நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, பாசிக்கு வேறென்ன வேண்டும்? விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தால் குழாயும் நிதானமாகவே அழுக்காகும்.

ஃபில்டரின் மின்சாரத்தை நிறுத்துங்கள். வால்வுகளை மூடுங்கள். குழாய்களை முதலில் நீருக்கு வெளியே தூக்குங்கள். நீருக்குள் முனை இருக்கும்போதே டியூபைக் கழற்றினால் சைஃபன் ஆகித் தொட்டித் தண்ணீர் தரையில் ஓடும். கீழே ஒரு பேசின் வைத்துக்கொள்ளுங்கள்.

இழுத்துக் கழற்றாதீர்கள். டியூப் ஏறியிருக்கும் இடத்தில் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு கண்ணாடியை முன்பு போலவே முனைக்கு அருகில் பிடித்துக்கொண்டு, டியூபின் விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றிச் சுற்றித் தள்ளுங்கள். விளிம்பு ஒரு பக்கம் நகர்ந்துவிட்டால் மீதி தானாக வந்துவிடும். மாதக்கணக்கில் ஒட்டிக்கிடந்து அசையவே இல்லையென்றால், பிளேடால் டியூபை நீளவாக்கில் கீறி உரித்துவிடுங்கள். மூன்று செ.மீ. டியூப் போனால் போகட்டும், குழாயைவிட அது மலிவு. டியூபை நீளமாக விடச் சொன்னது இதற்குத்தான்.

கழுவுவது

பெரும்பாலான நேரங்களில் பிரஷ் மட்டுமே போதும். நீளமான ஸ்பிரிங் கம்பியின் முனையில் நைலான் மயிர் வைத்த பிரஷ் கேளுங்கள். கம்பியின் நுனி வெளியே துருத்தாமல் மயிர் மூடியிருக்க வேண்டும். உலோக நுனி கண்ணாடியைக் கீறும். குழாய் பூவாக விரியும் கழுத்துதான் மெலிந்த இடம், அங்கே பிரஷைத் திணிக்காமல் வாய்ப்பக்கமிருந்து பஞ்சால் துடையுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்துத் தேய்க்காதீர்கள், கண்ணாடி வழுக்கித் தண்ணீர்க் குழாயில் மோதும். அடியில் ஒரு துண்டை விரித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து செய்யுங்கள்.

பாசி கெட்டியாகிவிட்டால் வாசனையோ சோப்போ கலக்காத திரவ பிளீச் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, ஜன்னல் திறந்த இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு, சில மணி நேரம் ஊற வையுங்கள். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், சுண்ணாம்புக் கசடு படியும். எடுத்து ஓடும் நீரில் நன்றாக அலசி, ஆன்டி குளோரின் கலந்த நீரில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். மீன் கடையில் கிடைக்கும் சோடியம் தயோசல்ஃபேட் இதற்கு நன்றாக வேலை செய்யும். முகர்ந்து பார்த்தால் பிளீச் வாடை துளியும் இருக்கக்கூடாது. பிளீச் பிடிக்காதவர்கள் மருந்துக் கடையின் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊற வைக்கலாம். அது நீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடும், ஆனால் பிளீச் அளவுக்கு வேகம் இல்லை.

சேர்த்தது

பதிவைப் படித்துவிட்டுச் சிலர் எழுதிக் கேட்டதால் இவை.

பிளீச்சில் ஊற வைத்தும் வெள்ளைத் திட்டு போகவில்லை என்று போர் தண்ணீர் பயன்படுத்தும் ஒருவர் எழுதியிருந்தார். அது பாசி இல்லை, உப்புப் படிவு. பிளீச்சுக்கு அது அசையாது. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) தண்ணீரில் கரைத்து ஊற வைத்தால் கரைந்துவிடும். பிளீச்சையும் எலுமிச்சை உப்பு, வினிகர், டாய்லெட் கிளீனர் போன்ற எந்த அமிலத்தையும் ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். ஒன்றைச் செய்த அன்று மற்றதைச் செய்ய வேண்டாம், இரண்டுக்கும் தனித்தனிப் பேசின் வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவி மாட்டிய பிறகு நீரோட்டம் குறைந்துவிட்டது என்பது இன்னொரு கேள்வி. ஃபில்டருக்குள் காற்று சிக்கியிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபில்டரை மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்த்தால் குமிழிகள் அவுட்லெட் வழியாக வந்துவிடும்.

குழாய் தானாக விழுந்து உடைந்தது என்றால் சக்‌ஷன் கப்பைப் பாருங்கள். நாளாக நாளாக அது கெட்டியாகிப் பிடி விட்டுவிடும். வெந்நீரில் போட்டு எடுத்தால் சில வாரம் ஓடும், ஆனால் புதிதாக மாற்றிவிடுவதே சரி. உடைந்த குழாயைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். செய்தித்தாளில் பலமாகச் சுற்றி, மேலே "உடைந்த கண்ணாடி" என்று பெரிதாக எழுதி, குப்பை எடுக்க வருபவர் கையில் சொல்லிக் கொடுங்கள்.